பாதி அளவில் ஒரு விண்கலம்: கிட் உதிரிகளால் கட்டும் முறை, குமரி மாவட்டத்து ஈரக்காற்றையும் கணக்கில் எடுத்து

1975-ல் கலிஃபோர்னியாவின் வேன் நைஸில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் பட்டறையில், திரைப்பட விண்கலங்களைக் கட்டியவர்கள் கடையில் விற்ற டாங்கி, போர் விமான, ரயில் பீரங்கி கிட்களை (பிளாஸ்டிக் உதிரிகளை ஒட்டிச் சின்ன மாதிரி செய்யும் பெட்டிகளை)ப் பெட்டி பெட்டியாக வாங்கி, அவற்றின் உதிரிகளைக் கலத்தின் உடம்பில் ஒட்டினார்கள். ஹசெகாவா நிறுவனத்தின் 1/72 (அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு) லியோபோல்ட் ரயில் பீரங்கி கிட் இதற்காகவே இன்றும் தேடப்படுகிறது. அந்தக் கலங்களின் மேல் தெரியும் மேடுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு டாங்கியின் சக்கரம், எஞ்சின் மூடி அல்லது பீரங்கிச் சட்டம். இப்படி ஒட்டும் துணுக்குகளுக்குக் கிரீப்பிள் என்று பெயர். எனவே நகல் கட்டுகிறவரின் முதல் வேலை, எந்தத் துணுக்கு எந்தக் கிட்டிலிருந்து வந்தது, அது எத்தனை மி.மீ. என்று கண்டுபிடிப்பது. வெட்டுவதும் ஒட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

இங்கே உதாரணமாக எடுத்திருப்பது, சுமார் 90 செ.மீ. நீளமுள்ள ஒரு படப்பிடிப்பு மாதிரியைப் பாதி அளவில், ஏறக்குறைய 45 செ.மீ. நீளத்தில் கட்டுவது. வீட்டு மேசையில் அடங்கும் அளவு இது. உள்ளே விளக்கு வைக்கவும் இடம் இருக்கும்.

அளவைக் கண்டுபிடிப்பது

மூலக்கலத்தின் படங்களைச் சேகரியுங்கள். கண்காட்சிகளில் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த படங்களே உதவும். கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் சிறிதாகவும் விழும். அதை வைத்து அளந்தால் கலம் கோணலாக வரும்.

படத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரு உதிரியைத் தேடுங்கள். 1/35 டாங்கியின் சக்கரம் ஒன்று தெரிகிறது, கிட்டில் அதன் விட்டம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படத்தில் அது 44 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் அரை மி.மீ. அதே படத்தில் கலத்தின் நீளம் 1,830 பிக்சல் என்றால் மூலக்கலம் 915 மி.மீ.; நீங்கள் கட்டவேண்டியது 457 மி.மீ. ஒரே உதிரியை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று உதிரிகளை அளந்து பாருங்கள். விடைகள் 2 சதவீதத்துக்கு மேல் விலகினால், அவற்றில் ஒன்று கேமராவுக்கு அருகிலோ தூரத்திலோ இருக்கிறது என்று பொருள். ஒரே தளத்தில் இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

பாதி அளவு என்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. மூலத்தில் 1/35 டாங்கி உதிரி இருந்தால் அதே டாங்கியின் 1/72 கிட் ஏறக்குறையப் பாதி. 22 மி.மீ. சக்கரம் 1/72-ல் 10.7 மி.மீ. வரும், வேண்டியது 11. இந்த 0.3 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 1/72 விமானத்துக்கு 1/144, 1/350 கப்பலுக்கு 1/700, 1/24 காருக்கு 1/48 என்று இணைகள் கிடைக்கும். 1/48 விமானம்தான் தொல்லை, அதன் பாதிக்குச் சரியான கிட் அரிது. அந்த உதிரிகளைப் பிளாஸ்டிக் ஷீட்டில் நீங்களே வெட்டிச் செய்யவேண்டும்.

எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. பெரிய உதிரிகளும், முகப்பிலும் எஞ்சின் பக்கமும் கண்ணில் முதலில் படுபவையும் சரியாக இருந்தால் போதும். குழிகளுக்குள் கிடக்கும் சின்னத் துணுக்குகளை உருவம் ஒத்த வேறொன்றால் நிரப்பலாம்.

வாங்க வேண்டியவை

கிட்கள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கூரியரில்தான் வரும். 45 செ.மீ. கலத்துக்கு 1/72 டாங்கி கிட் ஆறும், 1/144 விமானம் இரண்டும் வைத்துத் தொடங்குங்கள். டாங்கிகளில் ஒவ்வொரு கிட்டையும் இரண்டிரண்டாக வாங்குங்கள். கலத்தின் இடமும் வலமும் பெரும்பாலும் ஒரே உதிரியைக் கேட்கும். ஒரு கிட்டில் ஒன்று மட்டும் இருக்கும் எஞ்சின் மூடி மறுபக்கத்துக்கு இல்லாமல் போகும்.

மற்றவை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும். பெயர்ப்பலகைக் கடையில் 5 மி.மீ. சன்போர்டு இரண்டு சதுர அடி. கலத்தின் வெளித்தோலுக்கு 1 மி.மீ. பாலிஸ்டைரீன் ஷீட், தகடுகளுக்கு 0.5 மற்றும் 0.25 மி.மீ. ஷீட், மெல்லிய ஷீட் மட்டும் கிட் கடையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் பூசிய செம்புக் கம்பி 22 கேஜ், 26 கேஜ், 30 கேஜ் தலா சில மீட்டர். 22 கேஜ் 0.71 மி.மீ., 26 கேஜ் 0.46 மி.மீ., 30 கேஜ் 0.32 மி.மீ. கலத்தின் மேல் ஓடும் குழாய்கள் எல்லாம் இந்த மூன்றிலேயே முடியும். இரும்புக் கம்பியும் கிட்டார் தந்தியும் வேண்டாம். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று பெயிண்டுக்கு அடியில் துருவைக் கிளப்பி, வெள்ளைத் தகட்டில் பழுப்புக் கறையாக வெளியே கொண்டுவரும்.

பழைய சாமான் வாங்கி விற்கும் ஆக்கர் கடையையும் விட்டுவிடாதீர்கள். பழுதான பிரிண்டர், டிவிடி டிரைவ், உடைந்த பொம்மை ஆகியவற்றின் உள்ளே அருமையான பற்சக்கரங்களும் விலா எலும்பு போன்ற சட்டங்களும் இருக்கும். எது ஒட்டும், எது ஒட்டாது என்பதற்கு எளிய சோதனை: துண்டை நல்ல தண்ணீரில் அமுக்கி, ஒட்டிய காற்றுக்குமிழிகளைத் துடைத்து விடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிதீன். பசையும் பிடிக்காது, பெயிண்டும் உரிந்து வரும். மூழ்குபவற்றில் பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் கிட் பசையில் ஒட்டும். மூழ்கியும் ஒட்டாத நைலான் பற்சக்கரங்கள் உண்டு. ஒரு சொட்டுப் பசை வைத்து மேற்பரப்பு இளகுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

உட்சட்டம்

சன்போர்டை மேலிருந்து பார்க்கும் உருவத்தில் ஒன்றும், குறுக்கே 5 செ.மீ. இடைவெளியில் விலாக்களும் வெட்டி, ஒன்றில் ஒன்று செருகும்படி பள்ளம் வைத்து மாட்டுங்கள். வெட்டுவது கட்டர் பிளேடால், அல்லது கடையின் ரவுட்டரில். லேசரில் வெட்டக் கொடுக்காதீர்கள். சன்போர்டு பிவிசி, லேசர் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், அது நெஞ்சையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

நடுவில் 8 மி.மீ. பித்தளைக் குழாய் ஒன்றை நீளவாக்கில் ஓடவிட்டு, எடையின் மையம் வரும் இடத்தில் அடிப்பக்கம் எம்6 ஸ்டெயின்லெஸ் நட் ஒன்றை அரால்டைட்டில் (இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை) பதியுங்கள். நிறுத்தும் கம்பம் அதில் திருகும். கலம் கட்டி முடித்த பிறகு இந்த நட்டை வைக்க வழியே இல்லை. மறந்தால் கலத்தைத் தட்டில்தான் படுக்கவைக்க வேண்டும்.

தோல் ஷீட்டைச் சன்போர்டில் ஒட்டக் கிட் பசை உதவாது. அது பிவிசியை நம்பும்படி பிடிக்காது. அரால்டைட் வையுங்கள். ஷீட்டோடு ஷீட் ஒட்டும் இடத்தில் மட்டும் டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த பசை. பெரிய இரண்டு ஷீட்டுகளை முழுப்பரப்பும் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாதீர்கள். பசையின் கரைப்பான் நடுவே மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் பிளாஸ்டிக்கை இளக்கி, பெயிண்ட் அடித்து முடித்த பிறகு ஷீட்டைப் படகுபோல் வளைத்துவிடும். உள்ஷீட்டில் 2 செ.மீ.க்கு ஒன்றாக 2 மி.மீ. துளை போட்டு, ஓரங்களில் மட்டும் பசை விடுங்கள். உட்சட்டத்தின் ஒவ்வொரு அறைக்கும் வெளியில் தெரியாத இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று கட்டாயம். அடைபட்ட அறையில் தங்கும் ஆவி தோலைக் குழியவைக்கும்.

தகடுகள்

மூலத்தில் 0.5 மி.மீ. தகடு என்றால் நமக்கு 0.25. ஷீட்டைக் கட்டரால் அறுத்துப் பிரிக்க வேண்டாம். மூன்று நான்கு முறை மெதுவாகக் கீறி, மடக்கி ஒடியுங்கள். நேராக ஒடியும். ஒவ்வொரு தகட்டின் மேல் ஓரத்தையும் 600 உப்புத்தாளில் ஒரே இழுப்பு இழுத்தால், அறுத்த பிசிறு போய்விடும். தகடுகளுக்கு நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள், பெயிண்டும், பள்ளங்களில் அழுக்குத் தோற்றம் தர விடும் நீர்த்த பெயிண்டான வாஷும் உட்கார அந்தப் பள்ளம் வேண்டும்.

பசையைத் தகட்டுக்கு அடியில் தடவி வைத்தால் ஓரத்தில் பிதுங்கும். தகட்டை விரலால் அழுத்திப் பிடித்து, ஓரத்தில் தூரிகை நுனியைத் தொடுங்கள்; பசை தானே உள்ளே ஓடும். அழுத்தும் விரல் ஓரத்துக்கு நேர் மேலே இருக்கக்கூடாது. பசை விரலுக்கு அடியில் ஏறிக் கைரேகையைத் தகட்டில் நிரந்தரமாகப் பதித்துவிடும்.

உதிரிகளை ஒட்டுவது

கிட் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, பிறகு நறுக்குங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. நிப்பரால் 1 மி.மீ. விட்டு நறுக்கி, மீதியைப் பிளேடால் சீவுங்கள். நறுக்கியவற்றைக் கிட் வாரியாகப் போட்டுவைக்காமல் வட்டம், பெட்டி, குழாய், சல்லடை என்று உருவ வாரியாகப் பிரித்து வையுங்கள். கலத்தில் வேலை செய்யும்போது கை உருவத்தைத்தான் தேடும்.

கலத்தின் மேலேயே நேராக ஒட்டவேண்டாம். ஒவ்வொரு குழியின் அளவுக்கும் 0.5 மி.மீ. ஷீட்டில் ஒரு தட்டு வெட்டி, உதிரிகளை அதன் மேல் அமைத்து, கடைசியில் தட்டோடு குழிக்குள் இறக்குங்கள். முதலில் ஒட்டும் களிமண்ணில் நிறுத்திப் பார்த்து, மூலக்கலத்தின் படத்தை எடுத்த அதே கோணத்தில் போனில் படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கண்ணுக்குச் சரி என்று பட்டது படத்தில் 2 மி.மீ. தள்ளி நிற்கும். சரியான பிறகே பசை.

உயரத்தில் மூன்று அடுக்கு வேண்டும்: பெரிய பெட்டிகளும் மூடிகளும் முதலில், அவற்றின் மேல் நடுத்தர உதிரிகள், கடைசியில் குழாய்களும் புள்ளித் துணுக்குகளும். எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் தூரத்திலிருந்து சொரசொரப்பாக மட்டும் தெரியும். வெறுமையான தகடுகளை வெறுமையாகவே விடுங்கள். மூலக்கலங்களைப் பாருங்கள், பரப்பின் பெரும்பகுதி வெற்றுத் தகடுதான். அந்த வெறுமை பக்கத்தில் இருப்பதால்தான் குழிகளின் நெருக்கம் பெரிய இயந்திரமாகத் தெரிகிறது. புதிதாகச் செய்கிறவர்களின் கலம் சின்னதாகத் தோன்றுவதற்கு, இடம் விடாமல் துணுக்கு ஒட்டுவதே பெரும்பாலும் காரணம்.

செம்புக் கம்பியை நேராக்க ஒரு முனையை வைஸில் கவ்வி, மறுமுனையைக் குறடால் சற்று நீளும்வரை இழுங்கள். சூடாக்காதீர்கள், எனாமல் எரியும். கம்பிக்கு ஃபெவிக்விக்தான் பசை. அதை ஈர்க்கில் நுனியில் தொட்டு வைத்தால் அளவாக விழும். ஃபெவிக்விக் இறுகுவதே காற்றின் ஈரத்தால். நம் ஊரில் வேகமாகப் பிடிக்கும், கூடவே சுற்றிலும் வெள்ளைப் புகை படியும். தகட்டில் படிந்தால் பிரைமர் மறைத்துவிடும். விமானி அறைக் கண்ணாடியில் படிந்தால் தேய்த்து மெருகேற்றினாலன்றிப் போகாது, ஆகவே அங்கே ஃபெவிகால் மட்டும். பெரிய இடுக்குகளில் ஆப்பசோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகும். சூடும் நெடியும் கிளம்பும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.

ஒரே உதிரி பத்து வேண்டுமென்றால்

வார்த்து எடுக்கலாம். வார்ப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தோடு வினைபுரிந்து நுரைக்கும். நம் மழைமாதங்களில் வார்ப்பு முழுக்கக் குமிழி விழும். கடற்கரை ஊர்களில் ஃபைபர் வள்ளம் கட்டவும் ஓட்டை அடைக்கவும் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் இந்த ஈரத்தை நன்றாகத் தாங்கும். மூல உதிரியைச் சுற்றி டின் வகை ஆர்டிவி சிலிக்கானை (சாதாரண வெப்பத்திலேயே ரப்பராக இறுகும் திரவம்) ஊற்றி, அடிப்பக்கம் தட்டையான அச்சு எடுங்கள். அச்சு தயாரானதும் ரெசினை ஊற்றி, மேலே ஓஎச்பி ஷீட் (தெளிந்த பிளாஸ்டிக் தாள்) ஒன்றைப் போட்டு அமுக்குங்கள். காற்றுப்படும் பக்கம் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பதால் இந்த மூடல். கொஞ்சம் டால்க் பவுடர் சேர்த்தால் சுருக்கம் குறையும்.

இரண்டு எச்சரிக்கை. இந்த ரெசினில் ஸ்டைரீன் திரவமே இருக்கிறது. இறுகாத ரெசின் கிட் பிளாஸ்டிக்கில் பட்டால் கரைத்துவிடும். வார்த்ததை இரண்டு நாள் விட்டு, பிறகு ஃபெவிக்விக்கில் ஒட்டுங்கள். அடுத்தது, ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்டும் கடையில் தனித்தனிப் பாட்டிலாகக் கொடுத்தால் இரண்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவேண்டாம்.

விளக்கு

5 வோல்ட் போன் சார்ஜரில் ஓடும்படி செய்யுங்கள். வெள்ளை எல்இடி ஏறக்குறைய 3.1 வோல்ட் எடுக்கும், மீதி 1.9 வோல்ட்டுக்கு 220 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 8.6 மில்லி ஆம்பியர் ஓடும், இந்த அளவுக் கலத்துக்கு அந்த வெளிச்சம் தாராளம். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர். இருபது எல்இடி என்றாலும் 0.18 ஆம்பியருக்குள் அடங்கும். பவர் பேங்கில் ஓட்ட நினைத்தால், சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரத்தைப் பார்த்துத் தானே அணைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். கோயில் கொடைக்கும் கோட்டாறு திருவிழாவுக்கும் தொங்கும் சீரியல் செட்டைப் பிரித்து உள்ளே வைக்கவே கூடாது. மலிவான செட்டுகளில் 230 வோல்ட் நேராக ஓடுகிறது. கையில் எடுத்துப் பார்க்கும் பொருளுக்குள் அது இருக்கலாகாது.

1 மி.மீ. வெள்ளை ஷீட் வெளிச்சத்தை ஊடுருவ விடும். தோலின் உட்புறம் கறுப்பு, அதன் மேல் வெள்ளி, அதன் மேல் வெள்ளை என்று மூன்று பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் கலம் முழுவதும் காகித விளக்குப்போல் ஒளிரும். ஜன்னல்களுக்கு 0.5 மற்றும் 0.25 மி.மீ. ஒளி கடத்தும் ஃபைபர் இழை. இழையை ஃபெவிக்விக்கில் ஒட்டினால் சில நாளில் நொறுங்கும்; ஃபெவிகால் அல்லது அரால்டைட் வையுங்கள். சால்டர் செய்த இடங்களில் ஃப்ளக்ஸைத் துடைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள். உப்புக்காற்றில் திறந்த செம்பு பச்சை பூக்கும். மூடுவதற்கு முன் ஒரு முழு நாள் எரியவிட்டுப் பாருங்கள், அடியில் திறக்கும் மூடி ஒன்றும் விடுங்கள்.

பெயிண்ட்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. லாக்கர் பெயிண்ட் காயும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை மேகமாகும். ஈரமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 75 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அன்றைக்கு லாக்கர் வேண்டாம், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஒரு நாளில் வெயில் ஏறிய மதிய வேளை நல்லது. மழைமாதங்களை வெட்டவும் ஒட்டவும் வைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஈரத்தைவிடக் காற்றும் தூசியும்தான் பிரச்சினை; கதவை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடியுங்கள்.

ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரெஸரில், காற்றின் நீரைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் கட்டாயம். ட்ராப்பை டியூபின் நடுவிலோ ஏர்பிரஷ் அருகிலோ மாட்டினால் டியூபில் குளிர்ந்து படியும் நீரும் பிடிபடும். மேகம் விழுந்துவிட்டால் பதறவேண்டாம்: காய்ந்த நாளில், மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரை மட்டும் லேசாகத் தூவினால் பெரும்பாலும் தெளியும். வெளுத்த மேட் வார்னிஷின் மேல் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடித்தால் நிறம் திரும்பும்.

ஹார்டுவேர் கடை என்சி தின்னர் கிட் பிளாஸ்டிக்கை உருக்கும். எந்த ஸ்பிரேயையும் முதலில் கழிவுச் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். பிரைமரை 25 செ.மீ. தூரத்திலிருந்து மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். பச்சை, மணல், சாம்பல் என்று பல நிறத்தில் கிடந்த உதிரிகள் முதல்முறையாக ஒரே கலமாகத் தெரிவது இந்தச் சாம்பல் பிரைமரில்தான். இடுக்கும் பசைக்கறையும் தெரிவதும் இப்போதுதான். பட்டி பூசித் தேய்த்து, மறுபடி பிரைமர்.

மேல்நிறம் தூய வெள்ளை வேண்டாம். எட்டுப் பங்கு வெள்ளை, இரண்டு பங்கு இளஞ்சாம்பல், ஒரு சொட்டு மஞ்சள் காவி. சில தகடுகளை மட்டும் சற்று அடர்ந்த சாம்பலிலும், ஓரிரண்டை மங்கிய சிவப்பிலும் அடியுங்கள்.

பெயிண்ட் உரிந்த தோற்றத்துக்குக் குலசேகரம் பக்கம் கிடைக்கும் அமோனியா சேர்த்த ரப்பர் பால் மிக நன்று. அடிப்பூச்சுக்கு மேல் ஸ்பாஞ்சில் தொட்டுத் தகட்டு ஓரங்களில் புள்ளி வைத்து, காய்ந்ததும் மேல்நிறம் அடித்து, 24 மணி நேரத்துக்குள் விரலால் உருட்டி எடுங்கள். அமோனியா அக்ரிலிக் பெயிண்டைக் கரைக்கும், எனவே அடிப்பூச்சு லாக்கராகத்தான் இருக்கவேண்டும். தூரிகையில் தொட்டால் முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். இதே வேலைக்குக் கல்லுப்பைத் தூவும் முறையும் உண்டு. ஈரக்காற்றில் உப்பு கசிந்து காயாமல் நிற்கும் என்பதால் நமக்கு ரப்பர் பாலே நம்பகமானது. ரப்பர் பால் பட்ட கையுறையோடு பிளாட்டினம் வகை சிலிக்கானைத் தொடாதீர்கள், அது இறுகாமலே போய்விடும்.

கடைசி வரிசை: கிளாஸ் வார்னிஷ், டெகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறிப்படங்கள்), ஆயில் வாஷ், மேட் வார்னிஷ். வாஷுக்குக் கறுப்பும் பழுப்பும் கலந்த ஆயில் பெயிண்டை டர்பன்டைனில் டீத்தண்ணீர் அளவுக்குக் கரைத்து, பள்ளங்களில் தொட்டு, அரை மணி நேரம் கழித்துப் பஞ்சுக்குச்சியால், கலம் பறக்கும்போது காற்று ஓடுவதுபோல் முன்னிருந்து பின்னாகவே துடையுங்கள். பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் டர்பன்டைன் பட்டால் இறுக்கமாக வளைத்து ஒட்டிய உதிரிகள் விரிசல் விடும். உள்ளே ஓடிவிடாதபடி குறைவாகவே தொடுங்கள்.

அக்ரிலிக் பெட்டியில் வைக்கும்போது, பின்பக்கம் இரண்டு 6 மி.மீ. துளைகளை வலை ஒட்டி விடுங்கள். மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, நிறம் மாறும்போது சூடாக்கிக் காயவைத்துத் திரும்ப வையுங்கள். விளக்கின் வயரைக் கம்பத்தின் உள்ளேயே இறக்கி அடிப்பலகையின் பின்னால் எடுங்கள்.